நின்றால் போதும், குருபிரசாத்

குருபிரசாத் ஆறடி ஆறங்குலம் வளர்ந்தவன். அபிராமபுரத்தில் அவன் குடியிருக்கும் தெருவில் முதல் மாடிக் கொடியிலிருந்து துண்டு தொங்கினால், படியேறாமலேயே அதை எடுத்து மடித்துக் கொடுத்துவிடுவான். அடையாறில் ஒரு கல்லூரி அவனுடைய மதிப்பெண்ணை அதிகம் கவனிக்காமல் உயரத்தைப் பார்த்தே பி.காம். சீட் கொடுத்தது. அந்தக் கல்லூரியின் பேஸ்கட்பால் அணியில் அவன் இரண்டாவது வருஷமாக இருந்தான். இருந்தான் என்றால், பெஞ்சில் இருந்தான்.

பெஞ்சில் உட்காருவதே அவனுக்குப் பெரும்பாடு. காலை நீட்டினால் பாதம் கோட்டைத் தாண்டிக் கோர்ட்டுக்குள் போய்விடும், நடுவர் முறைப்பார். மடக்கினால் முழங்கால் தாடையில் இடிக்கும். ஆட்டம் முழுக்க இப்படியும் அப்படியும் நெளிந்துகொண்டிருப்பான். மற்றபடி அவனுக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரிங்குக்கும் போர்டுக்கும் நடுவில் பந்து சிக்கிக்கொண்டால் எழுந்து போய்த் தட்டிவிடுவான். கிழிந்த வலையை மாற்றுவான். கல்லூரி ஆண்டு விழாவுக்கு பேனர் கட்டுவான். "ஸ்டூல் செலவு மிச்சம்" என்று பி.டி. மாஸ்டர் வலியுல்லா மற்ற மாஸ்டர்களிடம் மெச்சிக்கொள்வார்.

அவன் ஏன் பெஞ்சுக்குப் போனான் என்பதற்குக் காரணம் உண்டு. முதல் வருஷம், முதல் மாட்ச். மாஸ்டர் அவனை ஆசையாக இறக்கினார். பந்து அவன் கைக்கு வந்தது. திரும்பினான். எதிரணிப் பையன் ஒருவன் அவன் முழங்கையில் மோதிக் கீழே விழுந்தான். குரு பந்தை அப்படியே தரையில் வைத்தான். "ஐயோ, சாரி, ரொம்ப சாரி, அடி பட்டுடுத்தா?" என்று குனிந்து அந்தப் பையனைத் தூக்கி நிறுத்தி முதுகைத் தட்டிவிட்டான். அதற்குள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிய இன்னொருவன் நிதானமாகக் கூடையில் போட்டுவிட்டு வந்தான். வலியுல்லா மாஸ்டர் அன்றைக்கு விசிலைக் கடித்த கடியில் அது இரண்டாக விரிசல் விட்டது.

அதற்குப் பிறகு சென்டர் இடத்தில் சஃப்வான் ஆடினான். மூன்றாம் வருஷம், முன்கோபி, நல்ல ஆட்டக்காரன். அவன் களைத்துப்போனால் சின்னப்பையன் இறங்குவான். பெயர்தான் சின்னப்பையன், ஆள் அரிசி மூட்டை மாதிரி இருப்பான். இருவருக்கும் அப்புறம்தான் குரு. அந்த 'அப்புறம்' வந்ததே இல்லை.

வீட்டில் இதெல்லாம் தெரியாது. அம்மா விசாலாக்ஷி சாயங்காலங்களில் பெண்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். பாட்டுக்கு வரும் பெண்களின் அம்மாக்கள், மருந்துக்கடைக்காரர், கோயில் பிராகாரத்தில் எதிர்ப்படுகிறவர்கள் என்று எல்லாரிடமும், "டீமே குருவை நம்பித்தான் இருக்கு" என்று சொல்லி வைத்திருந்தாள். அவனும் மறுக்கவில்லை. மாட்ச் முடிந்ததும் குழாயடிக்குப் போய் பனியனை நன்றாக நனைத்துப் பிழிந்து, தலையிலும் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். "ஓடி ஓடி எப்படி வேர்த்திருக்கு பார்!" என்று அம்மா இரண்டு தோசை கூடுதலாக வார்ப்பாள். தோசையை முழுங்கும்போது அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் முழுங்குவான்.

கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் அணி எப்படியோ அரையிறுதிக்கு வந்துவிட்டது. தி. நகரில் மாட்ச். அதற்குச் சில நாள் முன்பு ஒரு காலையில் காபியை ஆற்றிக்கொண்டே விசாலாக்ஷி சொன்னாள்:

"வர சனிக்கிழமைதானே உன் மாட்ச்? நானும் வரேன். தி. நகர்ல புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் குடுத்திருக்கேன். அதை வாங்கிண்டு அப்படியே வந்துடறேன்."

குரு டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். "வேண்டாம்மா. ஒரே வெயிலா இருக்கும்."

"குடை எடுத்துண்டு வரேன்."

"உனக்கு ஒண்ணும் புரியாதும்மா."

"நீ பந்தைப் போட்டா கை தட்டணும். இதுல புரியறதுக்கு என்ன இருக்கு?"

அன்று மதியமே அவன் வலியுல்லா மாஸ்டரின் அறைக்குப் போனான். வாசலில் குனிந்தான், உள்ளே போயும் நிமிராமலே நின்றான்.

"சார், சனிக்கிழமை எங்கம்மா வரா."

"வரட்டும், சந்தோஷம்."

"என்னைக் கொஞ்சம் இறக்கினேள்னா..."

மாஸ்டர் பேனாவை மூடினார். "எங்கம்மாவும்தான் வர்றேன்னு ஆறு வருஷமா சொல்றாங்க. அதுக்காக நான் இறங்கி ஆடவா? டேய், உன்னை மாதிரி உயரம் இந்த மெட்ராஸ்ல எவனுக்கும் இல்லடா. ஆனா ஆளு பக்கத்துல வந்தாலே ஒதுங்கி வழி விடுற. நீ என்ன பஸ் கண்டக்டரா? போ, போய் அந்த டியூப்லைட் எரியலை, கொஞ்சம் திருகிட்டுப் போ."

குரு டியூப்லைட்டைத் திருகிவிட்டுப் போனான். அது எரிந்தது.

அணியில் பந்தைக் கொண்டுபோகிறவன் பிரபு. கோட்டூர்புரம் ஹவுசிங்போர்டுக்காரன், குட்டையன், வாயும் காலும் ஒரே வேகத்தில் ஓடும். அவன் தங்கை தமிழ்நிலாவுக்கு ஸ்கூல் பை வாங்க வேண்டியிருந்தது. "வா மச்சி, ரங்கநாதன் தெருவுக்குப் போய்ட்டு வரலாம். மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு இருக்காத" என்று குருவையும் இழுத்துக்கொண்டு போனான்.

ரங்கநாதன் தெருவில் அன்றைக்குத் தலைதான் தெரிந்தது, தரை தெரியவில்லை. குரு முன்னால் நடந்தான். "சாரிங்க, கொஞ்சம், சாரிங்க" என்று சொல்லிக்கொண்டே போனான். பிரபு அவன் பையின் வாரைப் பிடித்தபடி பின்னால் போனான். பாதித் தெரு தாண்டியதும் பிரபு எதேச்சையாகத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண், அவளுக்குப் பின்னால் ஒரு வயதான தம்பதி, அதற்கும் பின்னால் சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஒரு குடும்பமே. குரு பிளந்துகொண்டு போன வழியில் எல்லாரும் ரயில்பெட்டி மாதிரி வந்துகொண்டிருந்தார்கள்.

"தம்பி, ஸ்டேஷன் வரைக்கும்தானே போறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். "கொஞ்சம் மெதுவா போங்க, பெரியவரால நடக்க முடியலை."

அந்த நேரம் பார்த்து குருவின் ஷூ லேஸ் அவிழ்ந்துகொண்டது. குனிய இடம் இல்லாமல் என்ன செய்வதென்று யோசித்தபடி நின்றான். எதிரே வந்த கூட்டம் அவன்மீது மோதி இரண்டாகப் பிரிந்து போனது. தலையில் பிளாஸ்டிக் பக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டு வேகமாக வந்த ஒருவர் அவன் மார்பில் முட்டினார். பக்கெட்டுகள் நாலா பக்கமும் உருண்டன.

"சாரி தம்பி, பார்க்கல" என்றார் அவர்.

குருவிடம் ஒருவர் சாரி சொல்வது அதுதான் முதல் தடவை. ஓடி ஓடிப் பக்கெட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தான். பிரபு மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றிருந்தான்.

"மச்சி, நீ அவர இடிச்சியா?"

"சத்தியமா இல்லடா. நான் பாட்டுக்கு நின்னுண்டிருந்தேன்."

"அத்தான்டா! நீ பாட்டுக்கு நின்னுக்கினு இருந்த. அவரே வந்து முட்னாரு, அவரே சாரி சொன்னாரு. மாஸ்டர் ஸ்கிரீனு ஸ்கிரீனுன்னு தொண்ட கிழிய கத்துறாரே, அது இன்னா? இத்தான். நான் பந்த எடுத்துக்கினு வருவேன். ஒருத்தன் என்னைத் தொரத்திக்கினு வருவான். அவன் வழில நீ போய் நின்னுடு. அவ்ளோதான்."

"நின்னா போதுமா?"

"நின்னா போதும். மூச்ச மட்டும் வுட்டுக்கினு இரு."

மறுநாள் விடியற்காலையிலேயே இருவரும் பழக ஆரம்பித்தார்கள். சொல்லும்போது சுலபமாக இருந்தது, செய்யும்போது இல்லை. ஆள் ஓடிவருவதைப் பார்த்ததும் குருவின் கால்கள் தாமாகவே மரியாதையாக நகர்ந்துவிடும். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னான் பிரபு. மூடிக்கொண்டு நகர்ந்தான். கடைசியில் குருவே ஒரு வழி கண்டுபிடித்தான். நின்றதும் தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பிப்பான். எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு ஆவர்த்தனம் முடியும்வரை நகரமாட்டான். சின்ன வயதிலிருந்து அம்மாவின் பாட்டு வகுப்பு காதில் விழுந்த வீடு. தாளத்தை நடுவில் விடுவது அவனால் முடியாத காரியம். இது தெரியாமல் பயிற்சியில் அவன்மேல் முட்டிய சஃப்வான், "எவன்டா இங்க தூணு வெச்சது?" என்று மூக்கைத் தேய்த்துக்கொண்டு கத்தினான்.

சனிக்கிழமை வந்தது. விசாலாக்ஷியும் வந்தாள். கையில் ஃபால்ஸ் தைத்த புடவைப் பை, குடை, பாட்டு வகுப்புப் பெண்கள் இரண்டு பேர். கேலரியில் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பெஞ்சில் நெளிந்துகொண்டிருந்த மகனைப் பார்த்துக் கையசைத்தாள்.

"குரு அண்ணா ஏன் மாமி ஆடலை?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கடைசிலதான் இறக்குவா. கச்சேரில பெரிய வித்வான் முதல்லயேவா பாடறார்?" என்றாள் விசாலாக்ஷி. ஆனால் பாதி ஆட்டம் முடிந்தபோது அவள் குடையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். குரு அந்தப் பக்கம் பார்க்காமல் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எதிரணியில் ராம்குமார் என்று ஒருவன். பிரபுவை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டான். பிரபுவால் பந்தை வாங்கவும் முடியவில்லை, வாங்கினால் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அணி பின்தங்கிக்கொண்டே போனது. கோபத்தில் சஃப்வான் ஒருவனைத் தள்ளினான், பிறகு இன்னொருவனை, அப்புறம் நடுவரிடம் வாக்குவாதம். ஐந்து ஃபவுல் ஆகி வெளியே வந்தான். சின்னப்பையன் இறங்கினான், குதித்தான், கணுக்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான்.

வலியுல்லா மாஸ்டர் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் தண்ணீர்க் கேனும் குருவும் இருந்தார்கள். கேனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போடா" என்றார். "போய்... யாரையும் தூக்கிவிடாதே."

குரு எழுந்து நின்றபோது கேலரியில் 'அடேயப்பா!' என்று குரல்கள் கேட்டன. அவன் உயரத்தைப் பார்த்து எதிரணியினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரபு பக்கத்தில் ஓடிவந்து, "ரங்கநாதன் தெரு" என்று மட்டும் சொன்னான்.

பிரபு பந்தைத் தட்டிக்கொண்டு வலப்பக்கமாக வந்தான். குரு போய் நின்றான். தொடையில் தாளம் போட்டான். பிரபுவையே பார்த்துக்கொண்டு ஓடிவந்த ராம்குமார் ஒரு சத்தத்தோடு குருவின் மார்பில் வந்து ஒட்டினான். பிரபு தனியாகப் போய்க் கூடையில் போட்டான். அடுத்த முறை இடப்பக்கம். மறுபடி அதே சத்தம். மூன்றாவது முறை ராம்குமார் ஓடி வரும்போதே குரு, "சாரி, நான் இங்கதான் நிக்கறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான். அது என்ன பேச்சு என்று ராம்குமார் யோசித்த அந்தக் கணத்தில் பிரபு பந்தைப் போட்டு முடித்திருந்தான்.

"எதுக்கு மாமி தொடையில தட்டறார்?" என்றாள் பெண்.

விசாலாக்ஷி கண்ணைக் கூர்மையாக்கிப் பார்த்தாள். "ஆதி தாளம்" என்றாள் ஆச்சரியமாக. பிறகு கவலையாக, "காலப்பிரமாணம் ஓடறது. டேய் குரு, நிதானம்டா!" என்று கத்தினாள்.

வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. எதிரணியினர் இப்போது குருவை நகர்த்தப் பார்த்தார்கள். இடித்தார்கள், முதுகில் முட்டினார்கள். விசாலாக்ஷி எழுந்து நின்று, "ஏம்ப்பா, நிக்கற பிள்ளையை ஏன் தள்றேள்?" என்று குடையை நீட்டிக் கேட்டாள். குருவுக்கோ புது உற்சாகம் வந்துவிட்டது. நிற்பது போதாமல் தானும் ஒரு அடி நகர்ந்து வழி மறித்தான். விசில். ஃபவுல். இன்னும் மூன்று முறை நகர்ந்தான். மூன்று முறையும் விசில். நடுவர் தன்னை நோக்கிக் கைகாட்டியபோதெல்லாம் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை. இரண்டு வருஷத்தில் நடுவர் அவன் பக்கம் திரும்பியதே காலை மடக்கச் சொல்லத்தான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டு அணியும் சமம். ராம்குமார் பந்தோடு தனியாக ரிங்கை நோக்கிப் பறந்தான். எதிரே குரு மட்டும். தாளத்துக்கெல்லாம் நேரமில்லை. குரு கையை உயர்த்திக்கொண்டு எம்பினான். பந்தும் ராம்குமாரும் அவனும் ஒன்றாகக் கீழே வந்தார்கள். அவனுடைய ஐந்தாவது ஃபவுல். ராம்குமாருக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களில் ஒன்று ரிங்கில் பட்டுத் தெறித்தது. இன்னொன்று உள்ளே போய் அவர்களுக்கு ஒரு புள்ளி கொடுத்தது. குரு வெளியே வந்து உட்கார்ந்தான், பதிலுக்கு இறக்க ஆளில்லை. மீதி இருந்த சில நொடிகளில் பிரபு நாலு பேருக்கு நடுவே புகுந்து ஓடிப் பந்தைப் போட்டு இரண்டு புள்ளி சேர்த்தான். ஒரு புள்ளியில் ஜெயம்.

எல்லாரும் பிரபுவைத் தூக்கிக்கொண்டு குதித்தபோது விசாலாக்ஷி நேராக வலியுல்லா மாஸ்டரிடம் வந்தாள்.

"நன்னா ஆடிண்டிருந்த பிள்ளையை எதுக்கு சார் உட்கார வெச்சேள்?"

"அஞ்சு ஃபவுல் ஆயிடுச்சும்மா. அஞ்சு தப்பு பண்ணா வெளிய வந்துடணும், அது ரூல்ஸ்."

"அஞ்சு தப்பா? குருவா?" அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். "ஆத்துல ஒரு டம்ளரைக்கூட சத்தமா வைக்கமாட்டானே!"

"எனக்கும் அதான் ஆச்சரியம்மா" என்றார் மாஸ்டர். பிறகு குருவிடம், "டேய், ஃபைனல்ல சஃப்வான்தான் ஸ்டார்ட் பண்ணுவான். ரெண்டாவது குவார்ட்டர்ல உன்னை இறக்குறேன். நிக்கறப்ப நில்லு. நகரப் பார்த்தே, தொலைச்சிடுவேன்."

"சரி சார்" என்று சொல்லி எழுந்த குரு, அப்படியே மறுபடி உட்கார்ந்தான். இரண்டு கால்களும் பலகை மாதிரி இறுகிவிட்டன. இரண்டு வருஷம் உட்கார்ந்தே இருந்த கால்கள் அல்லவா? மடக்கவே முடியவில்லை. சின்னப்பையனுக்கு வைத்திருந்த ஐஸ் முழுவதையும் இவனுக்கு வைத்தும் பிரயோஜனமில்லை.

பாட்டு வகுப்புப் பெண்களை ஒரு ஆட்டோவில் அனுப்பிவிட்டு, வெளியே இன்னொரு ஆட்டோ பிடித்தார்கள். டிரைவர் முதலில் குருவைப் பார்த்தார், பிறகு ஆட்டோவைப் பார்த்தார், "இன்னா நைனா, இது லாரில போற ஐட்டம்" என்றார். ஆனாலும் இறங்கிவந்து கை கொடுத்தார். பின் சீட்டில் குருவை ஒருக்களித்துச் சாய்த்தார்கள். கால் இரண்டும் முழங்காலுக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. விசாலாக்ஷி ஓரத்தில் ஒண்டிக்கொண்டு, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று புதுப் புடவைப் பையிலிருந்த சிவப்பு ரவிக்கைத் துணியை அவன் கணுக்காலில் கட்டினாள். பிரபு டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டான்.

ஆட்டோ பாண்டி பஜாருக்குள் மெதுவாக நுழைந்தது. நடைபாதையில் போனவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

"வலிக்கறதாடா கண்ணா?" என்றாள் விசாலாக்ஷி.

"ரொம்ப" என்றான் குரு. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. முன்னாலிருந்து பிரபுவும் சிரிக்க, டிரைவர் எதற்கென்று தெரியாமலே ஹார்னை இரண்டு தரம் அடித்தார்.