ஊறுகாய்க் குழுவில் கொட்ரம்மா

தாவணகெரேயில் பொழுது சாய்ந்தால் கொட்ரம்மாவின் மண்டக்கிப் பொரி வண்டியைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும். பேச்சுக்குப் பேச்சு பதில் கொடுத்துக்கொண்டே பொரியைக் கிளறி, மிளகாய் பஜ்ஜியை அள்ளிப் போடுகிறவள் அவள். அன்று என்னவோ நிமிடத்துக்கு ஒரு தரம் கையைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். பஜ்ஜி கருகியதுதான் மிச்சம்.

விஷயம் இதுதான். குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டிருந்தது. வலி இல்லை. வலிக்காததற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று சமாதானம் செய்துகொண்டாலும் மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். புருஷனிடம் சொல்ல வாய் வரவில்லை. ஹரிஹரில் இருக்கும் சித்தி மகள் நாகவ்வாவிடம், யாரோ தெரிந்தவளுக்கு என்று புளுகிக் கேட்டாள். மார்பில் புற்றுநோய் வந்த பெண்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், அங்கே கூச்சமில்லாமல் கேட்கலாம் என்று நாகவ்வா ஒரு இணைப்பை அனுப்பினாள்.

அதைத் தொட்டால், ஆபாசத்துக்காக இந்தக் குழு நீக்கப்பட்டது என்று வந்தது. கொட்ரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழசை மூடிவிட்டார்களாம், இது புதுசு என்று நாகவ்வா இன்னொன்றை அனுப்பினாள். அதன் பெயர் ‘ஊறுகாய் வீடு’.

உள்ளே போனால், இடது ஜாடியை எடுத்துவிட்டார்கள், இப்போது மூன்றாவது உப்பு என்று ஒருத்தி எழுதியிருந்தாள். உப்புப் போட்டதிலிருந்து முடியெல்லாம் கொட்டுகிறது என்று இன்னொருத்தி. எந்த ஊர் ஊறுகாய்க்கு முடி கொட்டும்? கொட்ரம்மாவுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் தொழில் தெரிந்தவள் சும்மா இருக்கலாமா? உப்பைக் குறையுங்கள், ஜாடியை வெயிலில் காய வையுங்கள் என்று எழுதிப்போட்டாள். சிலர் சிரித்தார்கள். நோயாளிகளிடம் என்ன கிண்டல் என்று ஒருத்தி சீறினாள்.

நோயாளிகளா? சரியான இடம்தான் போலிருக்கிறது என்று நினைத்து எழுதினாள்: “எனக்கு முலையில் கட்டி இருக்கிறது. என்ன செய்யணும்?”

கண் இமைப்பதற்குள் அந்த வரி காணாமல் போனது.

பெண்களே துரத்திவிட்டார்கள், இனி யாரிடமும் வாய் திறப்பதில்லை, வருவது வரட்டும் என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். பாவம், அவமானத்தில் அவளுக்கு அழுகை முட்டியது.

மறுநாள் வண்டியருகே போன் அடித்தது. சிவமொக்காவிலிருந்து வினோதா, அந்தக் குழுவை நடத்துகிறவள்.

“உங்க சேதியை அழிச்சது நான்தான்க்கா. கோவிச்சுக்காதீங்க.”

“ஊறுகாய்க் குழுவுல போய்க் கேட்டேன் பாருங்க, என் புத்தியைச் சொல்லணும். விடுங்கம்மா.”

“அது ஊறுகாயே இல்லக்கா.”

வினோதா சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. பழைய குழுவில் ஒருத்தி ஆபரேஷன் தழும்பைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். கம்பெனிக்காரர்களின் இயந்திரம் படத்தையும் சொல்லையும் பார்த்து ஆபாசம் என்று குழுவையே மூடிவிட்டது. எத்தனை முறை எழுதியும் பதில் இல்லை. அந்தப் பயத்தில்தான் மார்பை ஜாடி ஆக்கினார்கள், மருந்தேற்றுவதை உப்பு ஆக்கினார்கள், நேராகப் பெயர் சொன்ன சேதியை உடனே அழித்தார்கள்.

“பழைய ஆளுங்களுக்கு ஜாடி புரியும். புதுசா வர்றவளுக்கு யார் சொல்லுவா?” என்றாள் கொட்ரம்மா.

தப்புதான் என்று ஒப்புக்கொண்டாள் வினோதா. பிறகு, நாளைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும், துணைக்கு நானே வருகிறேன் என்றாள்.

“வலிக்கவே இல்லையேம்மா.”

“எனக்கும் வலிக்கலக்கா.”

ஆஸ்பத்திரி பெஞ்சில் கொட்ரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வினோதா ஊறுகாயை எடுத்துவிட்டு, குழுவுக்கு மார்புப் புற்றுநோய் என்றே பெயர் வைத்தாள். ‘முலையில் கட்டியா? வலிக்காவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள்’ என்று முதல் வரியாகப் போட்டாள்.

“மறுபடி மூடிட்டா?”

“மூடினா இன்னொண்ணு திறப்போம். இயந்திரத்துக்குப் பயந்து நாமளே பேரை மறைச்சோம், தேடி வந்த உங்களையே விரட்டிட்டோம். நம்ம உடம்போட பேரைச் சொல்றதுல என்னக்கா அசிங்கம்? சொல்லாம விட்டுத்தான் எத்தனையோ பேரைப் பறிகொடுத்திருக்கோம்.”

என்ன தொந்தரவு என்று சீட்டு எழுதுகிறவர் கேட்டார். பின்னால் நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். கொட்ரம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள், குரலைத் தாழ்த்தவில்லை.

“முலையில கட்டி, சார்.”