துணைக்குப் போனவள்

"யார்கிட்ட பேசிட்டிருந்தே?"

மாட்டுக் கொட்டகையின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள் மாமியார். இன்னும் சரியாக விடியவில்லை. உள்ளே மருமகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பசுவின் மடியிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினாள்.

"மாட்டுக்கிட்டதான் அத்தை. வசனம் சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"மாட்டுக்கிட்டயா? 'உயிர் நீங்கினும் நின் பெயர் உரையேன்'னு மாட்டுக்கிட்ட எவளாவது சொல்லுவாளா? எந்த மாட்டோட பேரு அது?"

"அது பழைய காலத்துப் பேச்சு அத்தை. படத்துல ராணி பேசுறது."

"அதைத்தான் நானும் சொல்றேன். பழைய பேச்சுல பேசினா இந்தக் கிழவிக்குப் புரியாதுன்னு நினைச்சுட்டே."

வைக்கோலைச் சுமந்துகொண்டு பின்னால் வந்த மகள் சின்னிக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள். சுவர் மாடத்தில் அண்ணியின் போன் சிவப்புப் புள்ளியோடு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதைக் கையில் எடுத்து, காதில் வைத்து, கீழே வைத்து, மறுபடியும் எடுத்தாள். வசனம் சொல்லித் தரும் வாத்தியாருக்கு அனுப்ப, அண்ணி தன் குரலைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். அது போதுமானதாக இருந்தது. விடியற்காலையில் ஒரு பெண் ஓர் ஆணுக்குக் குரல் அனுப்புகிறாள்.

இத்தனைக்கும் அந்த வீட்டு நடுக்கூடத்தில் ஒரு பத்திரிகை அட்டை கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அண்ணி டிராக்டர் மேல் உட்கார்ந்து சிரிக்கிற படம். அதை மாட்டி வைத்ததே அம்மாதான். பேட்டி எடுக்க வருபவர்களிடம், "என் மருமக எவ்வளவு பெரிய நடிகையா இருந்தாலும் தன் கையாலதான் பால் கறப்பா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவாள். வந்தவர்களின் கார் வாசலைத் தாண்டியதும், போட்டோ பிடித்தவன் எதற்கு மூன்று தடவை சிரிக்கச் சொன்னான் என்று ஆரம்பிப்பாள்.

அன்று காலை சாப்பிடும்போது அண்ணன் முடிவைச் சொன்னான்.

"நாளையிலிருந்து சின்னி துணைக்குப் போகட்டும்."

வேவு என்ற வார்த்தையை யாரும் வாயால் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் எங்கே போனாலும் துணையோடு போவார்கள். துணை என்றால், திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொல்லக்கூடிய ஆள். அவ்வளவுதான் அர்த்தம்.

"ஒரு சின்ன விஷயம் தப்பாத் தெரிஞ்சாலும் சரி, படம் பாதியில நின்னாலும் பரவாயில்ல. வீட்டோட இருந்து தோட்டத்தைப் பாக்கணும்" என்றான் அண்ணன், மனைவியைப் பார்க்காமல், தட்டைப் பார்த்து.

"சரி" என்றாள் அண்ணி. ஒன்பது வருஷமாகக் காதலியாகவும் தங்கையாகவும் நடித்து அலுத்துப் போனவளுக்கு முதல் தடவையாக ஒரு ராணி கிடைத்திருந்தாள். அதற்காக எதற்கு வேண்டுமானாலும் சரி சொல்லுவாள் போலிருந்தது.

சின்னியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் அந்த வீட்டுப் பெண்தான், அண்ணனுக்குத் தங்கைதான். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திருப்பி அனுப்பப்பட்டவள். "பக்கத்து வீட்டுக்காரனோட மாடியில நின்னு பேசினா" என்று அங்கே நாத்தனார் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு யாரும் எதற்கும் அவளைக் கேட்பதில்லை.

"உக்காந்து சாப்பிடறதுக்கு உனக்கும் ஒரு வேலை ஆச்சு" என்றாள் அம்மா.

படப்பிடிப்புத் தளத்தில் மரப்பலகையாலும் சாக்காலும் ஒரு கோட்டையைக் கட்டி, கல் மாதிரி வர்ணம் பூசியிருந்தார்கள். முன்பக்கம் கோட்டை, பின்பக்கம் ஆணியும் சட்டமும். சின்னிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அதிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.

கதை இதுதான். ராஜா போருக்குப் பயந்து ஓடிவிடுகிறான். ராணி மூன்று மாதம் கோட்டையைக் காப்பாற்றுகிறாள். திரும்பி வந்த ராஜா அவளைச் சங்கிலியில் கட்டிக் கோபுரத்தில் அடைக்கிறான்.

"எதுக்கு அண்ணி? என்ன தப்பு பண்ணினா?" என்று சின்னி முதல் நாளே கேட்டாள்.

"கோட்டையைக் காப்பாத்தினா."

"அது தப்பா?"

"இத்தனை சிப்பாய்களோட மூணு மாசம் உள்ள எப்படி இருந்தேன்னு கேக்கறான்."

சங்கிலி நிஜ இரும்பு. பிளாஸ்டிக் சங்கிலி நடையில் தெரிந்துவிடும் என்று டைரக்டர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஒரே நாளில் பதினேழு தடவை அண்ணி அதை இழுத்துக்கொண்டு படியேறினாள். கணுக்காலில் தோல் உரிந்து, மேக்கப் ரத்தத்துக்குப் பக்கத்திலேயே நிஜ ரத்தம் வந்தது. மறுநாள் விடிகாலையில் புண்பட்ட காலை ரப்பர் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு தக்காளிப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு பால், பிறகு குளியல். ஆறரைக்குக் கார் வந்துவிடும்.

சாயங்காலம் திரும்பியதும் விசாரணை. அம்மா அவரைக்காயை நார் உரித்துக்கொண்டே கேட்பாள்.

"இன்னைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லம்மா."

"காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுமே இல்லையா? அப்ப நீ எதுக்குப் போறே, காத்து வாங்கவா?"

இரண்டு நாள் அப்படிக் கேட்ட பிறகு சின்னி புரிந்துகொண்டாள். ஏதாவது கொண்டுவர வேண்டும். வெறுங்கையோடு வந்தால் அவள்மேல் கண் திரும்பும். அதனால் சின்னச் சின்னதாகக் கொண்டுவர ஆரம்பித்தாள். வாத்தியார் தோளைத் தட்டி 'சபாஷ்' என்றார். மறுநாளிலிருந்து வாத்தியார் போனில் பேசக் கூடாது என்று ஆயிற்று. ராஜாவாக நடிக்கிறவன் தன் குடையைக் கொடுத்தான். மறுநாள் அண்ணியின் பையில் வீட்டுக் குடை வைக்கப்பட்டது, அதோடு ஒரு சண்டையும். லைட் போடுகிற ஆள் "உங்க தோட்டத்துத் தக்காளி எப்படி இருக்கு?" என்று கேட்டான். அதற்கு அண்ணன் இரண்டு நாள் மனைவியோடு பேசவில்லை.

"தக்காளியைப் பத்தி இவனுக்கு என்ன?" என்று அம்மா நாலு தடவை கேட்டாள்.

சின்னி சொன்ன எதுவும் பொய் இல்லை. அவள் நாத்தனார் சொன்னதும் பொய் இல்லை. சின்னி மாடியில் நின்றாள், பக்கத்து வீட்டுக்காரன் தண்ணீர் வருகிறதா என்று கேட்டான், வருகிறது என்றாள். இந்த நினைப்பு வரும்போதெல்லாம் சின்னி அதை எச்சிலோடு விழுங்கிவிடுவாள்.

மூன்றாவது வாரம் அவளுக்கு மூக்கு வியர்த்தது. மதிய இடைவேளையில், "நீ சாப்பிடு, நான் கேரவன்ல படுத்துக்கறேன்" என்று அண்ணி போனாள். அது நான்காவது தடவை. சின்னி சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினாள். மேக்கப் அக்கா திறந்தாள். உள்ளே அவளும் நாலு சவுரி முடியும்தான்.

"அண்ணி?"

"பாத்ரூம் போயிருப்பாங்க" என்று மேக்கப் அக்கா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

சின்னிக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு ஏறியது. அவளுக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்கு ஒரு சந்தோஷம். இது குடை இல்லை, தக்காளி இல்லை. இதைக் கொண்டுபோனால் அம்மா அவரைக்காயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள்.

அன்று வாயைத் திறக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தாள். இரண்டு நாள் கழித்து, தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறிய அண்ணியைப் பின்தொடர்ந்தாள். ஒரு தையற்கடை, ஒரு சைக்கிள் கடை. அதற்கடுத்த ஜெராக்ஸ் கடையின் பக்கத்துப் படிக்கட்டில் அண்ணி ஏறினாள். மேலே கதவு சாத்தும் சத்தம்.

சின்னி மெல்ல ஏறி, முதலில் செருப்பைப் பார்த்தாள். வாசலில் ஒரே ஒரு ஜோடிதான் கிடந்தது. உள்ளே இருப்பவன் செருப்பைக் கழற்றாமலே போயிருக்கலாம். கதவில் காதை வைத்தாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தட்டினாள்.

கதவைத் திறந்த அண்ணி திடுக்கிடவில்லை. ராணியின் புருவமும் வீட்டுச் சட்டையுமாக நின்றாள்.

"உள்ள யாரு?"

"வா. பாரு."

சின்னி பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். குளியலறையில் ஒரு வாளி இருந்தது, அதற்குள்ளும் பார்த்தாள். ஜன்னலுக்குச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. ஒரு கூஜா தண்ணீர். கண்ணாடி கூட இல்லை. வாளிக்குள் எட்டிப் பார்த்தது நினைவுக்கு வந்ததும் அவள் முகம் சூடாயிற்று.

"எதுக்கு அண்ணி இந்த ரூம்?"

"ஒரு மணி நேரம் என்னை யாரும் பாக்காம இருக்கறதுக்கு."

"கேரவன் இருக்கே?"

"அதுக்கு நாலு பேர்கிட்ட சாவி இருக்கு. தோட்டத்துல குனிஞ்சா ரோட்டுல பஸ்ஸை நிறுத்திப் படம் எடுக்கறாங்க. வீட்டுல அத்தை, உங்க அண்ணன். இங்க நீ. மாடும்தான் பாக்குது, ஆனா அது போய் யார்கிட்டயும் சொல்லாது." அண்ணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கணுக்காலைத் தடவிக்கொண்டாள். "வீட்டுல சொல்லத்தான் போறே. சொல்லு. இருபது நாள் கழிச்சுச் சொல்றியா? கோபுரத்து சீன் முடிஞ்சிடும். அப்புறம் என்ன வேணா நடக்கட்டும்."

'தனியாத்தான் இருந்தாங்க' என்று சொன்னால் அம்மா நம்புவாளா? 'ரூம்' என்ற வார்த்தைக்குப் பிறகு எதுவும் அவள் காதில் ஏறாது. மாடி என்ற வார்த்தைக்குப் பிறகு சின்னி சொன்ன எதுவும் அங்கே யார் காதிலும் ஏறவில்லை.

"நிக்காதே, படு" என்று அண்ணி ஒரு தலையணையைக் கீழே போட்டாள். "நானும் உன்னைப் பாக்கல, நீயும் என்னைப் பாக்காதே."

சின்னி தரையில் படுத்தாள். மின்விசிறி சுற்றியது. எங்கே போனே, யாரோட பேசினே, ஏன் சிரிச்சே என்று கேட்க யாரும் இல்லை. மூன்று வருஷத்தில் அப்படி ஒரு தூக்கம் அவள் தூங்கியதில்லை. இரண்டு பேருமே தூங்கிப் போனார்கள்.

விழித்தபோது முக்கால் மணி நேரம் தாமதம். தளத்தில் ஒரே களேபரம். அதை விட மோசமான செய்தியை மேக்கப் அக்கா காதோடு சொன்னாள். "வீட்டுலருந்து சார் போன் பண்ணினார். மேனேஜர் ரெண்டு பேரும் இல்லன்னு சொல்லிட்டார்."

சாயங்காலம் கார் திரும்பியபோது அண்ணன் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். கூடத்தில் அம்மாவின் மடியில் அவரைக்காய் இல்லை.

"எங்க போனா?" என்று அண்ணன் சின்னியைக் கேட்டான். மனைவி பக்கத்தில்தான் நின்றாள்.

அண்ணி கெஞ்சவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பல் வலி" என்றாள் சின்னி. "தாங்க முடியல. நான்தான் டாக்டர்கிட்ட போகணும்னேன். தனியாப் போகக் கூடாதுன்னு அண்ணி துணைக்கு வந்தாங்க."

"எந்தப் பல்?"

"பின்னால."

"வாயைத் திற."

முப்பத்தொரு வயதுப் பெண் நடுக்கூடத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். அண்ணன் போன் வெளிச்சத்தை அடித்தான். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சின்னியின் நல்ல காலம், கடைவாயில் ஒரு சொத்தைப் பல் நிஜமாகவே இருந்தது.

"இருக்குடா" என்றாள் அம்மா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"அப்ப ஏன் பிடுங்கல? மருந்துச் சீட்டு எங்கே?"

"தொலைஞ்சு போச்சு."

"டாக்டர் ஆம்பளையா பொம்பளையா?"

சின்னி ஒரு நொடி தாமதித்தாள். அந்த ஒரு நொடியை அம்மா பிடித்துக்கொண்டாள். கண்கள் சுருங்கின. மருமகளை விட்டுவிட்டு மகள் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"அதானே பாத்தேன். இவ மூஞ்சி கொஞ்ச நாளாவே சரியில்ல. புருஷன் வீட்டுல சும்மாவா அனுப்புவாங்க?"

அண்ணி நிமிர்ந்தாள். "அத்தை, நடந்தது அது இல்ல. நான் சொல்றேன்..."

"அண்ணி, நீங்க போய்ப் பாலைக் கறங்க. மாடு கத்துது" என்றாள் சின்னி. அவள் குரல் அந்த வீட்டில் அவ்வளவு உறுதியாக ஒலித்ததில்லை. மாடு கத்தவில்லை என்பது எல்லோருக்கும் கேட்டது.

மறுநாள் காலை ஆறரைக்குக் காரின் முன்சீட்டில் ஒரு புது ஆள். அம்மாவின் தங்கை, சின்னிக்குச் சித்தி. போனில் பேசி விடிவதற்குள் வரவழைத்திருந்தார்கள். வழி முழுக்கச் சித்தி ரோட்டைப் பார்க்கவில்லை. உடம்பைப் பாதி திருப்பி, பின்சீட்டில் சின்னியையே பார்த்துக்கொண்டு வந்தாள். "கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எடுக்காதே, சின்னி மேலேயே வை" என்று அக்கா சொல்லியிருந்தாள். நடிகையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மதியம் இடைவேளை விட்டார்கள். அண்ணி சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலிகளைக் கடந்தாள். சின்னிக்கு நேராக வந்தபோது கால் ஒரு கணம் தயங்கியது. சின்னி அவளைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்து வெயில் படாத, ஆனால் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், சித்திக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பின்வாசல் சித்தியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

பத்து நிமிஷம் போயிற்று. இருபது நிமிஷம் போயிற்று. சின்னி அசையவில்லை. சித்திக்குக் கழுத்து வலித்தது.

"என்னடி இது, பொம்மை மாதிரி உக்காந்திருக்கே?"

"நீங்க பாக்கணுமில்ல சித்தி. நல்லாப் பாத்துக்கங்க."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லியே."

"அதை மட்டும் சாயங்காலம் அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் சின்னி. "உங்களுக்கும் ஒரு ஆள் போடுவாங்க."