சலுகை ஸ்டிக்கருக்கு அடியில்

பச்சைப் பாசிப் பொடி டப்பாவில் ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் வேலை. சிவப்பு வட்டத்தில் ‘இருபது சதவீதம் கூடுதல்’. அதை எங்கே ஒட்டவேண்டும் என்று சூப்பர்வைசர் முதல் நாளே காட்டிவிட்டார். ‘ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் உண்ண வேண்டாம், மாத்திரையின் வேலையைக் கெடுக்கும்’ என்ற வரியின் மேல். “அது தெரிஞ்சா யாரும்மா வாங்குவாங்க?” என்றார்.

என் அண்ணனுக்கு இதயத்தில் செயற்கை வால்வு. தினமும் அதே மாத்திரைதான். ஆனால் அவன் வாய்க்குத்தான் மருந்தே கிடையாது. “என்னடி, குளத்துப் பாசியப் பொட்டலம் கட்டி முடிச்சாச்சா?” என்று வருகிறவர் போகிறவர் முன்னால் எல்லாம் கேட்பான். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், நசுங்கிய டப்பா ஒன்றை அவன் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். மாத்திரை ஞாபகம் வந்தது. வராமல் என்ன? ஒரு ஸ்பூன் பச்சைத் தூள் என்ன செய்துவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒரு மாதம் குடித்தான். “உடம்பு லேசா இருக்குடி. உன் சரக்கு பரவாயில்ல” என்றான். பிறந்ததிலிருந்து அவன் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. பாவி நான், அடுத்த டப்பாவும் கொண்டுபோனேன்.

அது பாதி தீர்வதற்குள் அண்ணனுக்கு ரத்தம் கட்டி மூளைக்குப் போய், வலது கையும் பேச்சும் விழுந்துவிட்டன. “மாத்திரையோட வேற மருந்து ஏதாவது குடுத்தீங்களா?” என்று டாக்டர் கேட்டார். “சத்தியமா இல்ல டாக்டர்” என்றாள் அண்ணி. பொடி அவளுக்குச் சாப்பாடு, மருந்து அல்ல. பக்கத்தில் நான் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நின்றேன்.

வீடு திரும்பியதும் அவள் மறுபடி பொடியைக் கலக்கினாள். “இதக் குடிச்சாத்தான் தெம்பு வரும்.”

அண்ணன் டம்ளரைத் தொடவில்லை. படுக்கையில் கிடப்பவனுக்கு வேறென்ன வேலை, தலைமாட்டிலிருந்த டப்பாவின் ஸ்டிக்கரை இடது கை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தான். அடியில் இருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

“என்னத்தக் காட்டுறாரு?” அண்ணிக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது.

பாம்பும் சாகணும், தடியும் உடையக் கூடாது. டப்பாவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். “தேதி முடிஞ்சுபோச்சாம் அண்ணி. இனிமே வேண்டாமாம்.”

அண்ணனின் கோணிய வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. நல்லவேளை என்று நினைத்தேன்.