எதிர்ப்பக்கம்

1971ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், வெள்ளிக்கிழமை. விடியற்காலை முதலே பனியும் மழையும் கலந்து பெய்துகொண்டிருந்தன. ஓஹையோ ஆற்றின் மறுகரை பகல் முழுவதும் கண்ணுக்குப் புலப்படவில்லை.

அன்று நள்ளிரவோடு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிகரெட் விளம்பரங்கள் நாடெங்கும் நின்றுபோக வேண்டும் என்பது சட்டம். அச்சட்டம் வேண்டுமென்று இரண்டு கோடைகாலம் மளிகைக்கடை வாசலில் நின்று கையெழுத்து வாங்கியவள் நான். ஆகையால், புத்தாண்டுக்குரிய பன்றியிறைச்சியையும் புளித்த முட்டைக்கோஸையும் வழக்கத்தினும் பெரிய பாத்திரத்தில் அடுப்பேற்றியிருந்தேன். என் கணவரின் தம்பி ஆர்லோ கூடத்தில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டம் நிற்கும் போதெல்லாம் குதிரையேறிய ஒருவனோ, சிரித்த முகத்துப் பெண்ணொருத்தியோ திரையில் தோன்றிப் புகைவிட்டார்கள்.

“வருஷப் பொறப்போட நிறுத்தாம ஒரு நாள் தள்ளிவச்சாங்களே, ஏன் தெரியுமா அண்ணி? இன்னிக்கு ஆட்டம் இருக்கு. கடைசிப் பந்தி, சிகரெட்காரன் வயிறு முட்டப் பரிமாறிட்டுப் போகட்டும்னு விட்டுட்டாங்க.” காதில் செருகியிருந்த சிகரெட்டை எடுத்து அவன் உருட்டினான்.

“உனக்கு இடம் பின்வாசல்தான். நனைஞ்சாலும் பரவாயில்ல, போ.”

“அண்ணன் இருந்தப்ப கூடத்துலயே விடுவீங்க.”

“அதனாலதான் இப்ப விடறதில்ல.”

என் கணவர் எல்வுட் இரும்பாலையில் உலைக்காரராக இருந்தவர். நுரையீரலில் புற்று முற்றிய நிலையில், ஊர் வானொலி நிலையத்தின் மேலாளர் ஹாஸ்கல் மருத்துவமனைக்கே வந்து அவருடைய குரலைப் பதிவு செய்துகொண்டார். “என் பேரு எல்வுட். பதினாறு வயசுல சிகரெட்ட எடுத்தேன், ஒரு நாள் கீழ வச்சதில்ல” என்று தொடங்கியவரை இருமல் பிடித்துக்கொண்டது. அந்த இருமல் நெடுநேரம் நீண்டது. அது ஓய்ந்ததும், “இத வெட்டிறாதீங்க ஹாஸ்கல். நான் சொல்ல வந்ததே இதுதான்” என்றார். அவர்கள் வெட்டவில்லை. அவரை அடக்கம் செய்த பின்னரும் அக்குரல் அன்றாடம் ஒலித்தது. காலையில் நான் முட்டை பொரிக்கும்போது ஒரு முறை. என் மகள் லொரெட்டா செருப்பு ஆலையிலிருந்து திரும்பும் நேரத்தில் மற்றொரு முறை. தந்தை இறந்த பிறகும் லொரெட்டா புகைத்தாள். ஆனால் வானொலியில் அந்த இருமல் தொடங்கியதும், “அப்பா வந்துட்டாரு” என்று சொல்லிக்கொண்டே சிகரெட்டை நசுக்கிவிடுவாள். நசுக்கி நசுக்கியே, சென்ற இலையுதிர்காலத்தில் அதை முற்றிலும் விட்டுவிட்டாள். நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

நானும் லொரெட்டாவும் சாப்பாட்டு மேசையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது. ஹாஸ்கல்தான்.

“புத்தாண்டு வாழ்த்து, வெர்னா. ஜெயிச்சிட்டீங்க.”

“நீங்களுந்தானே கையெழுத்துப் போட்டீங்க.”

“போட்டேன். திங்கக்கிழமை இந்தப் பக்கம் வந்தீங்கன்னா, எல்வுட் பேசின டேப்ப வாங்கிட்டுப் போயிருங்க.”

“எதுக்கு? உங்களுக்கு வேணுமே?”

“சிகரெட்காரன் விளம்பரம் போட்டா எதிர்ப்பக்கமும் போடணும்னுதான் எங்களுக்கு அரசாங்க உத்தரவு. அதுக்காகத்தான் எல்வுட்டுக்குக் காசில்லாம நேரம் கிடைச்சுது. நாளையிலருந்து அவனே இல்ல. அப்புறம் எதிர்ப்பக்கம் ஏதுங்க?”

கையோடு கொண்டுவந்திருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

“நீங்களா போடலாமே. போடக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே.”

“சொல்லல. ஆனா அந்த நேரத்தச் சோப்புக்காரன் வாங்கிட்டான். நேத்து சாயந்தரம்தான் முதலாளி சொன்னாரு. சத்தியமா எனக்கு முன்னாடி தெரியாது, வெர்னா. ராத்திரி சிகரெட்காரனோட கடைசி விளம்பரம் முடிஞ்சதும் எல்வுட்டைப் போடறேன். அது மட்டுந்தான் என் கையில இருக்கு.”

தொலைபேசியை வைத்தபின் இருவருக்கும் செய்தியைச் சொன்னேன். ஆர்லோ முதலில் சிரித்தான். என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். “நீங்க சிகரெட்காரனக் கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளுனீங்க அண்ணி. போறவன் அண்ணன் கையையும் பிடிச்சு இழுத்துட்டுப் போறான்” என்றான். கேலியாகத் தொடங்கிய அவ்வாக்கியம் கேலியாக முடியவில்லை.

லொரெட்டா கையில் முள்கரண்டிகளோடு நின்றாள். “அப்ப, நாளைக்கு அப்பா வரமாட்டாரா?” என்றாள். இருபத்து மூன்று வயதுப் பெண் அவள்.

“டேப்ப வாங்கிட்டு வந்து வீட்டுல வச்சுக் கேக்கலாம்டி.”

“நாமளா போட்டுக் கேக்கறது வேற, அம்மா. அவரா வரணும்.”

இறைச்சியை யாரும் சரியாக உண்ணவில்லை. எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கினேன், அவர்களில் எவரேனும் இதை அறிந்திருந்தார்களா என்று எண்ணிப் பார்த்தேன். நான் வெறுத்த சிகரெட் விளம்பரப் பாட்டு ஒன்று நின்றால் வீட்டில் அமைதி வரும் என்றே நான் நம்பியிருந்தேன்.

இரவில் மூவரும் சமையலறை வானொலியின் முன் அமர்ந்தோம். இறுதியாக அந்தப் பாட்டு வந்தது. என்றும் போல உற்சாகமாக, தனக்கு ஒன்றுமே நேராதது போல முடிந்தது. பிறகு எல்வுட் தம் பெயரைச் சொன்னார். பதினாறு வயதைச் சொன்னார். இருமல் வந்தது. லொரெட்டாவின் வலக்கை மேசைமேல் எழுந்து, இல்லாத சிகரெட்டை இல்லாத சாம்பல் தட்டில் நசுக்கியது. “நான் சொல்ல வந்ததே இதுதான்.” அடுத்த நொடியில் ஒரு பெண் சோப்பின் நுரையைப் பற்றிப் பாடலானாள்.

ஆர்லோ எழுந்து பின்வாசலுக்குப் போனான். சற்றுப் பொறுத்து லொரெட்டாவும், மேல்கோட்டுகூட அணியாமல், அவன் பின்னே போனாள். நான் விளக்கை அணைத்துவிட்டுச் சன்னலருகே நின்றேன். மழை நின்று பனி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. இருளில் இரண்டு உருவங்கள் தோளோடு தோள் நின்றன. தீக்குச்சி உரசும் ஓசை கேட்டது. பிறகு ஒரே ஒரு சிவப்புப் புள்ளி எழுந்து, இருவர் முகத்துக்கும் நடுவே நின்றது. அது எவர் உதட்டில் என்பது எனக்குத் தெரியவில்லை. அப்போது மணி பதினொன்று ஐம்பத்தொன்பது.