முப்பத்தேழாம் நம்பர் மாப்பிள்ளை

"முப்பத்தேழாம் நம்பரை அடிங்க, அண்ணாச்சி."

ஞானதுரை அண்ணாச்சி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். தென்காசியில் அவருடைய பெப்பர்மிண்ட் கம்பெனியில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். லீவு கேட்கலாம். குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் அரை நாள் கேட்கலாம், சிரித்துக்கொண்டே கொடுப்பார். முப்பத்தேழைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. நான் சேர்ந்த வாரத்திலேயே அவர் சொல்லிவைத்தது அது. வீட்டில் சொன்னபோது அப்பாவும் அதையே சொன்னார், இன்னும் கடுமையாக.

"ஏட்டி வள்ளித்தாய், காப்பி குடிச்சியா?" என்றார் அண்ணாச்சி.

"குடிச்சேன்."

"அப்பம் தூக்கக் கலக்கம் இல்ல. தெரிஞ்சுதான் பேசுத."

"தெரிஞ்சுதான் பேசுதேன்."

அவர் கையில் நான் எழுதிய நோட்டீஸ் இருந்தது. அச்சுக்குப் போகவேண்டியது. அதில் ஒரே ஒரு சொல்லுக்கு நான் எழுதியிருந்த பொருள்தான் தகராறு.

எங்கள் பெப்பர்மிண்ட் உறைக்குள் ஒரு படம் இருக்கும். கிரிக்கெட் ஆட்டக்காரர் படம், சீட்டு அளவில். மொத்தம் ஐம்பது. ஐம்பதையும் சேர்த்துக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ இனாம் என்று உறையிலேயே போட்டிருக்கும். இந்த ஐம்பது பேரில் ஒருவர் ஆடியதைக்கூடத் தென்காசியில் நேரில் பார்த்தவர்கள் அபூர்வம். நானும் பார்த்ததில்லை. ஆனாலும் படங்களின் பின்பக்கம் இரண்டிரண்டு வரி எழுதுவதற்கு என்னைத்தான் எடுத்தார்கள். பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்தவள் நான். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் சுடலையாண்டியின் மகள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எல்லோருக்கும் கைநாட்டுதான்.

இங்கிலீஷ் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து ஐம்பது பேருக்கும் எழுதினேன். நாற்பத்தொன்பது அச்சுக்குப் போனது. முப்பத்தேழு திரும்பி வந்தது. அவர் விக்கெட் கீப்பர். 'இவர் கைக்கு வந்த பந்து தரையைப் பார்ப்பதில்லை' என்று எழுதியிருந்தேன்.

"அத நீயே வச்சுக்க. அவனப் பத்திக் கேக்கக் கூடாது" என்றார் அண்ணாச்சி.

எதற்காக என்பது உறை மடிக்கும் ஷெட்டுக்குப் போனபோது தெரிந்தது. சிவகாசியிலிருந்து படங்கள் வெட்டாத ஷீட்டாகத்தான் வரும். வரிசைக்குப் பத்துப் படம், ஐந்து வரிசை. நாலாவது வரிசையில் முப்பத்தாறுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில் பன்னிரண்டாம் நம்பர் இரண்டாம் தடவையாக உட்கார்ந்திருந்தது.

"அக்கா, இங்கன தப்பா அடிச்சிருக்கான்" என்றேன், உறை மடிக்கிற பெண்களுக்குத் தலைவியான ரெபேக்காளிடம்.

"தப்பு ஒண்ணும் இல்லட்டி. முப்பத்தேழு மாப்பிள்ளைல்லா. எல்லாரும் வாசலப் பாத்துக்கிட்டே நிக்கணும். அவன் வரக் கூடாது."

ஷெட்டு முழுக்கச் சிரித்தது. ரெபேக்காள் விடவில்லை. "உனக்குப் பாத்திருக்க சிவகிரிக்காரனாது போலீஸ்காரன். கூப்பிட்ட உடனே லாரி புடிச்சாவது வந்துருவான். இவன் வர மாட்டான்."

சிவகிரிக்காரன் என் அத்தை மகன். அப்பா எனக்கு ஒரே ஒரு வாக்குத்தான் கொடுத்திருந்தார். "வேலை இருக்குத வரைக்கும் சிவகிரிப் பேச்ச எடுக்க மாட்டேன். வேலை போச்சுன்னா என்னையக் கேக்காத. மறு வெள்ளிக்கிழமை பூ வச்சிருவோம்." ஆகவே நானும் ஷெட்டோடு சேர்ந்து சிரித்தேன். முப்பத்தேழைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்த ஆனியில் சீசன் தொடங்கியதும் அண்ணாச்சிக்கு ஒரு யோசனை வந்தது. ஐந்தருவியில் நாங்கள் போட்டிருக்கும் கடையில் குளிக்க வந்தவர்களும் உள்ளூர்க்காரர்களும் நின்று படம் மாற்றுவார்கள். பெரிய ஆட்கள்தான் அதிகம். வக்கீல் குமாஸ்தா, மிலிட்டரியிலிருந்து லீவில் வந்தவர், புரோட்டாக் கடைக்காரர். அவர்கள் பேச்சு வெளியூர்க்காரர்களுக்குப் புரியவில்லை.

"நம்ம ஆளுவ பேசுத வார்த்தையெல்லாம் பொருளோட எழுதி ஒரு நோட்டீஸ் அடிப்போம். மெட்ராஸ்காரன் படிச்சிட்டு அவனும் ஆட்டத்துல சேருவான். நீதான் படிச்சவ, எழுது" என்றார்.

நான் அந்தக் கடையோரம் நின்று கேட்டுக் கேட்டு எழுதினேன். ஒரே படம் இரண்டு இருந்தால் ரெட்டை. எல்லோரிடமும் கிடப்பது ரேஷன். பன்னிரண்டாம் நம்பர் ரேஷனிலும் புழுத்த ரேஷன். மூலை மழுங்கினால் காது போனது. அருவித் தண்ணீர் பட்டுக் காய்ந்தது குளிச்சது, அதுவே வளைந்துகொண்டால் அப்பளம். ஆல்பத்தில் ஒட்டிப் பிய்த்தது முதுகு உரிஞ்சது. புதிதாக ஆட வந்தவரின் படம் முளை. கையழுக்கே படாதது பவுன். அழுக்கு ஓரத்தைக் கத்தரியால் நறுக்கிப் புதுசு மாதிரிக் காட்டினால் அது சவரம் பண்ணுனது. சவரம் பண்ணின படத்தை மாற்றியவனோடு அதற்குப் பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள். "அந்தச் சவத்தோடயா? போவும்வே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

எனக்கு அந்தச் சொற்களைப் பிடித்திருந்தது. பி.ஏ. வகுப்பில் இவ்வளவு கறாரான சொற்களை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பாதிக்கு மேல் ஏதோ ஓர் ஏமாற்றைத் தடுப்பதற்காகவே உண்டானவை. நறுக்கின ஓரத்தைக் கண்டுபிடிப்பதற்கு வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறவர்கள், ஐம்பதில் ஒன்று அச்சடிக்கப்படவே இல்லை என்று சந்தேகப்படவில்லை. அவர்களும் முப்பத்தேழை மாப்பிள்ளை என்றுதான் சொன்னார்கள். ஷெட்டுக்குள் அந்தச் சொல்லுக்கு வராதவன் என்று பொருள். ஐந்தருவியில் வரப்போகிறவன் என்று பொருள். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கலாம். இப்படி இருக்கலாமா?

ஷரீபுன்னிசா என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. பெரியவளானதும் நிறுத்திவிட்டார்கள். அவள் வாப்பா குற்றாலத்தில் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் விற்கிறார். குளிக்க வருகிறவர்கள் வேண்டாமென்று போடும் படங்களை எடுத்துவந்து மகளிடம் கொடுப்பார். அவளிடம் நாற்பத்தொன்பதும் இருந்தன, எல்லாம் பவுன். போன வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் தெருவில் அவள் வீட்டுக்குப் போனேன்.

"ஏட்டி, அங்கனதான வேலை பாக்க? மாப்பிள்ளை எந்தப் பெட்டியில வாரான்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்றாள்.

"ரேடியோ வந்தா என்ன செய்வ?"

"காதுல வச்சுக்கிட்டே கெடப்பேன். நாப்பத்தொம்பது ஆம்பளைய வீட்டுக்குள்ள இருக்கானுவ, ஒருத்தன் ஆடுத சத்தம்கூட எனக்குக் கேக்கல பாரு. வாப்பா காசு குடுத்து ரேடியோ வாங்க மாட்டாவ. இனாமா வந்தா வேண்டாம்னு சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்காவ. அவுங்களுக்கு நான் ஜெயிக்கவா போறேன்னு நெனப்பு."

சிரித்தாள். பிறகு கேட்டாள்: "நீ பின்னால எழுதுனது எல்லாம் எனக்கு மனப்பாடம். அவனுக்கு என்ன எழுதியிருக்க?"

பந்து தரையைப் பார்ப்பதில்லை என்ற வரியைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பம் நெசம்மாவே இருக்கான்!"

என்னுடைய ஒரு வரியைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அவள் இனியும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வேறு எல்லோர்மேலும் வந்தது. வீட்டுக்கு வந்து நோட்டீஸின் கடைசி வரியை எழுதினேன்: 'மாப்பிள்ளை - முப்பத்தேழாம் நம்பர். அச்சடிக்கப்படாத படம்.'

அந்த வரியைத்தான் இப்போது அண்ணாச்சி பேனாவால் அடித்தார். அதற்கு மேலே 'மிக அரிது' என்று எழுதி என் பக்கம் தள்ளினார்.

"அரிதுன்னா கொஞ்சமாவது இருக்கணும், அண்ணாச்சி. இல்லாததுக்கு இல்லைன்னுதான் பேரு."

"பி.ஏ. படிக்க வச்சா இதான். எனக்கே பாடம் எடுக்க."

"ஒண்ணு படத்த அடிங்க. இல்லாட்டி உறையில ரேடியோன்னு போடாதிய."

"ரேடியோன்னு போடாட்டி எவன் வாங்குவான்?"

"வாங்க மாட்டாம்னு தெரியுதுல்லா?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து ஜன்னலைத் திறந்தார். ஷெட்டு தெரிந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உறை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்கன பாரு. அவுங்க வீட்டுல அடுப்பு எதுல எரியுது? வராத மாப்பிள்ளையிலதான் எரியுது. ரேடியோ குடுக்க எனக்கு மனசு இல்லாம இல்ல. அவன் வந்துட்டாம்னா ஆட்டம் முடிஞ்சுட்டு. பெறவு இந்த மிட்டாய எவன் சீந்துவான்? நீயே தின்ன மாட்ட."

அது உண்மை. நான் தின்பதில்லை, பல் கூசும். ஷெட்டைப் பற்றி அவர் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பெண்களைக் காட்டி அவர் தன்னை மறைத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணாச்சி திரும்பி வந்து உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"யாருக்காவக் கேக்க? எண்ணெய்க்கடை பாய் மகளுக்கா?"

அவர் அடித்த வரியைப் பார்த்தேன்.

"அந்தப் பிள்ளைகிட்ட நாப்பத்தொம்பது இருக்குன்னு ஐந்தருவி பூராத் தெரியும். சரி, ஒண்ணு செய்வோம். சிவகாசிக்கு ஆள் விடுதேன். முப்பத்தேழுல ஒரே ஒரு படம். பின்னால நீ எழுதுனதையே போட்டு. நீயே கொண்டுபோயிக் குடு. ரேடியோவ நான் பாய் கையில குடுக்கேன். அவரு பேரப் போட்டு, மாப்பிள்ளை வந்தாச்சுன்னு ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டுதேன். உனக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம்."

ஷரீபு ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு படுத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கு வேலையும் போகாது. சிவகிரிக்காரன் சிவகிரியிலேயே இருப்பான். ஒரு படம், அவ்வளவுதான். அந்த ஒரு படத்தைக் காட்டி இன்னும் எத்தனை பேரை எத்தனை வருடம் வாசலில் நிறுத்தலாம் என்பதை அண்ணாச்சி கணக்குப் போட்டுவிட்டார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த சரக்கு ஷரீபுவின் ஆசை.

அவளிடம் கேட்டால் சரி என்றுகூடச் சொல்லலாம். அவளுக்குப் பதிலாக வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அவளுக்குத் தெரியாமல் சரி என்று சொல்லவும் கிடையாது.

"அவகிட்ட விசயத்தச் சொல்லிருவேன்" என்றேன். "இதுவரைக்கும் அடிக்கல, உனக்காவ ஒண்ணே ஒண்ணு அடிக்காவன்னு. சரின்னா வாங்கிக்கிடட்டும்."

"சொல்லக் கூடாதுட்டி. சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுரும்."

"அப்பம் என் கையால கொண்டுபோக மாட்டேன்."

"வேற ஆள் கொண்டுபோவான்."

"அதுக்கு முந்தி நான் போயிச் சொல்லிருவேன்."

அண்ணாச்சி மேஜையில் தட்டினார். கண்ணாடி கழன்று நோட்டீஸ்மேல் விழுந்தது. "உன் அப்பன் இந்த வாசல்ல நின்னு கும்பிட்டு வாங்கிக் குடுத்த வேலைடி இது! தாண்டிப் போனன்னா உனக்குச் சிவகிரிதான், பாத்துக்க."

"எங்க அப்பா கும்பிட்டது தெரியும். அதுக்காவ ரெண்டு வருசம் வாயப் பொத்திக்கிட்டு இருந்தாச்சு. சிவகிரிக்கு நான்தான போணும்? போமாட்டேன்னா போமாட்டேன். அதையும் இன்னைக்கே வீட்டுல சொல்லிருதேன்."

"சோத்துக்கு?"

"பாப்போம்."

அந்தப் பதில் எனக்கே தைரியமாகக் கேட்கவில்லை. இருந்தாலும் சொன்னதை மாற்றவில்லை. நோட்டீஸை அவரிடமே விட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன்.

ரெபேக்காள் வாசலுக்கே வந்திருந்தாள். "ஏட்டி, கூப்பாடு ரோடு வரைக்கும் கேக்குது. என்ன செஞ்சு வச்ச?"

"வேலைய விட்டுட்டேன்க்கா. மாப்பிள்ளை கெடையாதுன்னு ஷரீபுகிட்டச் சொல்லப் போறேன்."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த உறையை மடித்து முடித்தாள்.

"உன் வேலைய நீ விடுத. எங்க வேலையையும் சேத்து விடுதியே, அத யாருகிட்டக் கேட்ட?"

"கேக்கலக்கா."

"ம்" என்றாள். வழி விட்டு நின்றாள். உள்ளே மற்றவர்கள் தலை நிமிராமல் மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்னைத் திட்டினால் அது நியாயம்தான். ஷரீபுவும் திட்டுவாள், கைக்கு வந்த ரேடியோவைத் தட்டிவிட்டாயே என்று கேட்பாள். அதையும் ஒளிக்காமல் சொல்வதாகத்தான் இருக்கிறேன்.

அண்ணாச்சி மறுத்தால் ஷரீபுவிடம் சொல்லிவிடுவது என்று காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். முதலில் இங்கே வந்ததெல்லாம், அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்து ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான். கேட்டாயிற்று. கம்பெனி வாசலைத் தாண்டி, பள்ளிவாசல் தெருப் பக்கம் வேகமாக நடந்தேன்.