போனுக்குள் இருந்த அப்பா

கொளஞ்சிநாதன் லாரி ஓட்டுகிறவன். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் செய்த பொம்மைகளையும் ஃபியூஸ் கட்டைகளையும் ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று வடக்கே போவான். மகள் பாலாம்பிகை பிறந்த பிறகு அவன் வீட்டில் இருந்ததைவிட ரோட்டில் இருந்ததுதான் அதிகம்.

அதனால் குழந்தை அவனுக்குப் போனிலேயே வளர்ந்தது. கழுத்து நின்றதை ஒரு டோல்கேட் வரிசையில் பார்த்தான். குப்புற விழுந்து, தலையைத் தூக்க முடியாமல் பாயில் மூக்கைத் தேய்த்ததை ஒரு தாபாவின் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தான். முதல் பல்லைக் காட்டும்போது மட்டும் சிக்னல் போய், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பாதிச் சிரிப்பை நினைத்துக்கொண்டே ஒரு மலைச்சாலை முழுக்க இறங்கினான்.

"பாப்பா, அப்பா எங்க?" என்று மனைவி துர்காதேவி கேட்டால் குழந்தை போனைத் தட்டும்.

குழந்தைக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது அவன் ஊருக்கு வந்தான். மாசி வெயில். பட்டறைத் தூசு படிந்து தெருவில் வேப்பிலையெல்லாம் வெளுத்திருந்தது. வாசலில் இருந்தே பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய் மகளைத் தூக்கினான். பாலா அவனை உற்றுப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அப்புறம் முகம் சிவக்க ஒரே அலறல்.

"ஏன் துர்கா, என்னைத் தெரியலயா இதுக்கு?"

"தெரியாம என்னங்க? தூக்கம் வருது, அதான்."

தூங்கி எழுந்தும் அழுதாள். அவன் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்தபோதும் அழுதாள். சத்தம் கேட்டு அடுத்த வீட்டு அம்புஜவல்லி எட்டிப் பார்த்தாள்.

"இந்த மாசத்துல எல்லாப் புள்ளைங்களும் புது மொகம் கண்டா கத்துங்க தம்பி. போவப் போவ சரியாயிடும்."

"நான் புது மொகமாக்கா?"

அம்புஜவல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவன் தெருமுனைக்குப் போய் அங்கிருந்து வீடியோ கால் போட்டான். பாலா கைகொட்டிச் சிரித்தாள். பேசிக்கொண்டே மெதுவாக வீட்டுக்குள் வந்தான். அவள் போனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அதுல இருக்கறவன்தான் அவளுக்கு அப்பா," என்று போனை அணைத்தான். துர்கா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் பட்டறையில் இருந்து லோடு தயார் என்று கூப்பிட்டார்கள்.

"வடக்க வேற டிரைவரை அனுப்புங்க சார். இனிமே பாண்டி, சேலம்னு கிட்டக்க எதாச்சும் இருந்தா சொல்லுங்க. அதுவும் இந்த வாரம் வேணாம்," என்றான் கொளஞ்சி.

அதற்குப் பிறகு அவன் குழந்தையைத் தூக்கப் போகவே இல்லை. அவள் விளையாடும் தரையிலேயே ஓர் ஓரமாகக் கிடந்தான். அங்கேயே சாப்பிட்டான், துணி மடித்தான், கொட்டாவி விட்டான். பாலா தூரத்தில் உட்கார்ந்து அவனைப் பார்த்தாள். வயிற்றால் நகர்ந்து கொஞ்சம் கிட்டே வருவாள். அவன் திரும்பினால் அம்மாவைத் தேடுவாள். அவன் திரும்பாமலே இருக்கப் பழகிக்கொண்டான்.

ஒரு மத்தியானம் அப்படியே தூங்கிப்போனான். தூக்கத்திலும் ரோடு அவனுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் பருத்திக்காடு, முடிவே இல்லாத வெள்ளை. எங்கோ ஒரு கொலுசு கிணுகிணுத்தது. பஞ்சு ஒன்று பறந்து வந்து அவன் புருவத்தில் உட்கார்ந்தது. மூக்குக்குள் புகுந்தது. மீசையைப் பிடித்து இழுத்தது.

அரைக்கண் திறந்தான். பாலா அவனுடைய காதைப் பிடித்திருந்தாள். இன்னொரு கை அவன் தோளைத் தேடியது. முக்கினாள். ஒரு பாதம் ஊன்றியது, பிறகு மற்றது. முழங்கால் இரண்டும் வெடவெடக்க, அவன்மேல் சாய்ந்து அவள் நின்றாள். இதுவரை எங்கேயும் எதைப் பிடித்தும் நின்றதில்லை.

கொளஞ்சி மூச்சுகூட விடவில்லை. கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த துர்கா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க..." என்றாள், காற்றுக்கும் கேட்காத குரலில்.

"பேசாத," என்று கண்ணால் சொன்னான்.

பாலா அவனைக் குனிந்து பார்த்தாள். உதடு பிதுங்கவில்லை. பிடி நழுவி அவன் வயிற்றின்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். அங்கேயே இருந்துகொண்டு, அவனுடைய சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கினாள். வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். கஞ்சி ஆறியது. அவனும் துர்காவும் அசையவில்லை.