ஏரிக்கரைக் கல்பெஞ்சு

பேருக்குத்தான் தலைநகரம். நாடாளுமன்ற வாசலில் செருப்பு அறுந்தால் அருங்காட்சியகம் வரை வெறுங்காலோடே போய்விடலாம், ஊர் அவ்வளவுதான். அந்த ஊரைச் சுற்றிக் காட்டியே இருபத்தாறு வருஷமாகப் பிழைக்கிறாள் வழிகாட்டி அம்மாள். கோட்டைவாசல், மணிக்கூண்டு, பூங்கா, ஏரி என்று எதைக் கேட்டாலும், தூக்கத்தில் எழுப்பினாலும் வருஷத்தோடு சொல்வாள்.

ஏரிக்கரைக் கல்பெஞ்சு மட்டும் அவள் விட்ட சரடு. "இங்க உக்காந்துதான் அந்தக் காலத்து மந்திரி, இந்த ஊரையே தலைநகரமாக்கிடலாம்னு முடிவு பண்ணாராம்" என்பாள். மூன்று வருஷமாக எல்லோரும் தலையாட்டிப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அன்று கூட்டத்தோடு நகராட்சி அதிகாரியும் பட்டியலும் கையுமாக நடந்து வந்தார். ஏரியைச் சுற்றி சைக்கிள் பாதை போடப் போகிறார்கள். வரலாறு உள்ளது மட்டும் நிற்கும், மற்றதையெல்லாம் பெயர்த்துவிடுவார்கள்.

"நல்ல கதைம்மா. நீங்க சொன்னதா ஒரு கையெழுத்துப் போட்டா பெஞ்சு தப்பிச்சிடும். மந்திரி பேர்ல பலகையும் வச்சிடலாம்."

அவள் பேனாவை வாங்கினாள். ஒரு கையெழுத்து, பெஞ்சு பிழைத்துவிடும். ஆனால் அதற்கப்புறம் காலத்துக்கும் அது மந்திரியின் பெஞ்சு.

"மந்திரியும் இல்ல, ஒருத்தரும் இல்ல சார். நானா கட்டி விட்டது. எங்க வீட்டுக்காரர் தபாலாபீஸ் விட்டதும் தினம் இங்க வந்துதான் எனக்காகக் காத்திருப்பார். கடைசிக் கூட்டத்தை அனுப்பிட்டு நானும் உக்காருவேன். இருட்டற வரைக்கும் ஊர் வம்பெல்லாம் பேசுவோம்."

"இப்ப அவரு?"

"போயி மூணு வருஷமாச்சு. இந்த இடத்தைத் தாண்டிப் போக மனசு வரல. சும்மா நின்னா ஏன் நிக்கறீங்கன்னு கேக்கறாங்க. அதான் மந்திரியைக் கூட்டிட்டு வந்தேன்."

அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அது வரலாறு ஆகாதேம்மா."

"தெரியும் சார்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். நிற்கப்போகிறவற்றின் பட்டியலில் பெஞ்சு இருந்த வரியை அவர் அடித்தார்.

அவள் கூட்டத்தைப் பார்த்து, "நேரா போனா அருங்காட்சியகம். நீங்க போயிட்டே இருங்க" என்றாள். வழிகாட்டி பாதி வழியில் கூட்டத்தை விடக் கூடாது. இத்தனை வருஷத்தில் அவள் விட்டதும் இல்லை. எல்லோரும் நகர்ந்ததும் பெஞ்சில் தான் வழக்கமாக உட்காரும் இடது ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.